முகப்பூச்சுப் புரட்டு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கிளியனூர் என்னும் ஊர் இருப்பதை நமது வாசகர்களில் அநேகர் அறிவார்கள். அங்கிருந்து கிழக்கே போனால் கழுவெளியும், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும், பிறகு கடலும் வந்துவிடும். இரண்டு மாதத்திற்கு முன் ஒரு காரியமாய் அவ்வூருக்குப் போயிருந்த நாம், திரும்புகையில் பஸ்ஸுக்காகச் சாலையோரத்துக் கடையொன்றின் முன் நிற்க நேர்ந்தது. கடை வாசலில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் சரஞ்சரமாய்ச் சிறு பாக்கெட்டுகள் தொங்கின. ஷாம்பூவாயிருக்குமென்று பார்த்தால், அதில் பாதிதான் ஷாம்பூ. மற்றப் பாதி முகத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லும் கிரீமும், பேஸ்வாஷ் என்னும் முகங்கழுவும் கூழும். அவற்றின் கீழே கண்ணாடிப் பெட்டியில் ரோஜாத் தண்ணீரும், டோனர் என்று பெயரிட்ட புட்டிகளும் சாமி படங்களைப் போல் வரிசையாய் வைக்கப்பட்டிருந்தன.

அச்சமயம் உப்பள வேலை செய்யும் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். அவர் கால் குதிகாலெல்லாம் கோடைகாலத்து ஏரி போல் வெடித்திருந்தது. கை விரல்கள் வெள்ளை பூத்திருந்தன. அவர் கடைக்காரரிடம் சொன்னது:

“அண்ணே, பொண்ணுக்கு மூஞ்சி ஒரே வறட்டு வறட்டுன்னு கெடக்குது. வெள்ளையா பொரிஞ்சிபோவுது. அது கேக்கறாப்புலயும் இருக்கணும், கொஞ்சம் செவப்பாவும் ஆவணும். வர்ற மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க.”

கடைக்காரர் ஒரு கூழ், ஒரு புட்டி, ஒரு டியூப் ஆக மூன்றை எடுத்து வைத்து, “மூணும் சேத்துப் போட்டாத்தான்மா வேலை செய்யும்” என்றார். அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நாம் வாய் சும்மாயிராமல், “காலுக்கு ஏதாவது வாங்கினீர்களா அம்மா?” என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “காலை யாருய்யா பாக்கப் போறாங்க?” என்றார்.

அன்றிரவு நமக்கு இந்த வார்த்தை மறக்கவில்லை. ஆதலால் அந்த மூன்றையும் பற்றி விசாரித்தும், நம் முகத்திலேயே பரீட்சித்தும் கண்டதை இங்கு எழுதுகின்றோம்.

தோல் வறளுவது என்றால் என்ன? நம் மேல்தோலின் வெளியடுக்கு, செங்கல்லும் காரையும் வைத்துக் கட்டிய சுவரைப் போன்றது. உயிரற்ற செல்கள் செங்கல். அவற்றினிடையே உள்ள கொழுப்பு காரை. இந்தக் காரை இருக்கும் வரையில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஓடாது; வெளியே இருக்கும் உப்பும் அழுக்கும் உள்ளே புகாது. காரை உதிர்ந்தால் ஈரம் ஓடித் தோல் இழுத்துக்கொள்ளும், வெள்ளை பூக்கும், வெடிக்கும். கடல் தண்ணீர் ஏறக்குறைய மூன்று டிகிரி காரம் உள்ளதென்றால், பாத்தியில் உப்பு இறங்குவது இருபத்தைந்து டிகிரியில். அந்தத் தண்ணீரில் நாள் முழுதும் வெறுங்காலோடு நின்று, வெள்ளை வெளேரென்ற உப்பிலிருந்து திரும்பியடிக்கும் வெய்யிலை முகத்தில் வாங்குகின்றவர்களுக்கு இந்தச் சுவர் என்ன பாடுபடும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்குத் தோல் வறள்வது தொழிலால் வந்த வினையே தவிர, ‘பிறவிக் கூறு’ம் அல்ல, ‘உடம்புச் சூடு’ம் அல்ல.

இந்தச் சுவரை இடிப்பதில் சோப்புக்கு நல்ல பங்குண்டு. நம் தோல் இயற்கையிலேயே லேசான புளிப்புத் தன்மை உடையது. விஞ்ஞானிகளின் அளவில் சுமார் 5. சாதாரண சோப்போ 9 முதல் 10 வரை காரமானது. அழுக்கைக் கரைக்கும் சோப்பு காரையையும் கூடவே கரைத்துக்கொண்டு போகும். சோப்பு அட்டையில் டி.எப்.எம். என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். முதல் தரக் குளியல் சோப்புக்கு அது 76-க்குக் குறையக்கூடாதென்பது இந்தியத் தர நிர்ணயம். அது அதிகமானால் சோப்பில் கலப்புக் குறைவு என்று அர்த்தமாகுமேயல்லாமல், காரம் போய்விட்டதென்று அர்த்தமல்ல.

இங்கே ஒரு வேடிக்கையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துச் சோப்புக் காய்ச்சினால் அதிலிருந்து கிளிசரின் என்னும் ஒரு திரவம் தானாகவே உண்டாகின்றது. தோலின் ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு ஈடானது சொற்பம். ஆனால் சோப்பு முதலாளிகள் அதைச் சோப்பிலேயே விட்டுவைக்கின்றார்களா? பழைய முறையில், கொதிக்கும் சோப்பில் உப்பைக் கொட்டுவார்கள். சோப்பு மேலே மிதக்கும். கிளிசரின் உப்புத் தண்ணீரோடு கீழே தங்கும். அதைத் தனியே வடித்துக்கொள்வார்கள். இன்று பெரிய தொழிற்சாலைகளில் முறை மாறியிருந்தாலும் கிளிசரினைப் பிரித்தெடுத்து வேறு விலைக்கு விற்பது மாறவில்லை. ஆக, உப்பளத்தான் கால் வெடிக்க விளைவித்த உப்பையே கொண்டு, அவன் தோலுக்கு வேண்டிய பொருளைச் சோப்பிலிருந்து எடுத்துவிட்டு, வறட்டுச் சோப்பை அவனுக்கு ஒரு விலைக்கும், எடுத்த கிளிசரினைக் கிரீமில் கலந்து அதே ஆசாமிக்கே இன்னொரு விலைக்கும் விற்கின்றார்கள். இதை வியாபார சாமர்த்தியம் என்று பாராட்டுபவர்கள் பாராட்டட்டும். நாம் அதன் கணக்கை மாத்திரம் காட்டுகின்றோம்.

நிற்க, டோனர் விஷயத்திற்கு வருவோம். அதற்கு ஒரு காலத்தில் ஒரு காரணம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் கடினமாயிருக்கும் இடங்களில், அதாவது நம் கடற்கரைப் பக்கம் போல் சோப்பு நுரைக்காத தண்ணீர் உள்ள இடங்களில், கழுவியபின்பும் முகத்தில் சோப்பின் படிவு ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்கவும், சோப்பின் காரத்தைத் தணிக்கவும், லேசான புளிப்பும் சாராயச் சத்தும் கலந்த ஒரு திரவத்தை மேல்நாட்டார் உபயோகித்தார்கள். பிறகு காரமில்லாத கழுவுபொருள்கள் வந்தன. படிவும் இல்லை, காரமும் இல்லை. ஆனால் டோனர் மாத்திரம் போகவில்லை! காரணம் செத்துப்போன பிறகும் சடங்கு உயிரோடிருப்பது நம் நாட்டில் புதிதா? சாராயச் சத்துள்ள டோனர் வறண்ட தோலில் ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லிப்பு அது ஆவியாகி ஓடுவதன் அடையாளம். ஓடும்போது தோலின் கொழுப்பையும் சேதப்படுத்தும். ‘வறண்ட தோலுக்கு’ என்று எழுதி இன்று விற்கும் டோனர்களில் சிலவற்றில் சாராயமில்லாமல் கிளிசரின் போட்டிருக்கின்றார்கள், அவை கெடுதல் செய்வதில்லை, நன்மையும் செய்யும். ஆனால் அந்த நன்மை கிளிசரினுடையது. மருந்துக் கடையில் கிளிசரின் என்றே கேட்டு வாங்கி, ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு நல்ல தண்ணீர் சேர்த்தால் அதே நன்மை வந்துவிடும். ரோஜாத் தண்ணீரின் சங்கதியோ, பெரும்பாலும் தண்ணீரும் வாசனையுந்தான். காய்ந்தவுடன் இரண்டும் போய்விடும்.

ஆக இந்தத் தொழிலின் போக்கைப் பாருங்கள். முதலில் உன் முகம் அசுத்தம் என்று சொல்லிக் கழுவுபொருள் விற்கின்றான். கழுவியதால் வந்த வறட்சிக்கு டோனர் விற்கின்றான். டோனரால் வந்த எரிச்சலுக்குக் கிரீம் விற்கின்றான். தோஷத்தைக் கண்டுபிடிப்பவனும் அவனே, பரிகாரம் செய்பவனும் அவனே, தட்சணை வாங்குகின்றவனும் அவனே. புரோகிதர் இந்த வித்தையைக் கம்பெனியிடம் கற்றாரா, கம்பெனி புரோகிதரிடம் கற்றதா என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. இப்போது கொரியா தேசத்து முறை என்று சொல்லிப் பத்துப் படியாக்கிவிட்டார்களாம். சிரார்த்தத்திற்குக்கூட அவ்வளவு கிடையாது.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, நம் முன்னோர் வழியே சிறந்தது” என்று யாரும் துள்ள வேண்டாம். கடலை மாவு வறண்ட முகத்தில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் உறிஞ்சிவிடும். எலுமிச்சஞ்சாறு கடும் புளிப்பு. பூசிக்கொண்டு வெய்யிலில் போனால் கொப்புளிக்கவும், தழும்பு விழவும் கூடும். பழமை என்பதற்காக ஒன்றை நம்புவதும், பாரீஸிலிருந்து வந்ததென்பதற்காக ஒன்றை நம்புவதும் ஒரே மூடநம்பிக்கையின் இரண்டு கிளைகள். தேங்காயெண்ணெயை நாம் ஒப்புக்கொள்வது பாட்டி சொன்னதால் அல்ல. பிலிப்பைன்ஸ் தேசத்து வைத்தியர்கள் 2004-ல் தோல் வறட்சியுள்ள 34 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தேங்காயெண்ணெயும், மற்றொன்றுக்கு மினரல் எண்ணெயும் காலில் தடவச் செய்து, இரண்டு வாரம் கழித்து அளந்து பார்த்து, இரண்டும் சமமாகவே குணம் தருவதாகக் கண்டார்கள். பாட்டி சொன்னது சரியாயிருந்தது. அளந்து பார்த்த பிறகே அது சரியென்று தெரிந்தது.

பரீட்சை என்பது பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே உரியதென்று நினைக்கவேண்டாம். 1747-ல் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் வைத்தியர், பல் ஈறு அழுகும் ஸ்கர்வி நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்தன. இன்னொரு ஜோடிக்குக் கிடைத்தது கடல் தண்ணீர். பழம் தின்றவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அவருக்கு மந்திரமும் தேவைப்படவில்லை, யந்திரமும் தேவைப்படவில்லை.

அவ்வழியே நாமும், கிளியனூர்க் கடையில் வாங்கிய கூழையும் டோனரையும் நமது வலது கன்னத்தில் மட்டும் உபயோகித்தோம். இடது கன்னத்திற்கு வெறுந்தண்ணீரும், ஈரம் காயுமுன் கிளிசரின் கலந்த தண்ணீரும், இராத்திரியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயும். முகத்திற்கு வருமுன் முழங்கை மடிப்பில் தடவி, தினம் இருவேளையாக ஒரு வாரம் சோதித்துக்கொண்டோம். இதை யாரும் விட்டுவிடக்கூடாது. பிறகு முகத்தில் இரண்டு வாரம். இடையில் வேறு எதையும் மாற்றவில்லை. ஆனால் நம் முகத்திற்கு நாமே நீதிபதியாயிருந்தால், நாம் எதிர்பார்த்ததையே தீர்ப்பாகச் சொல்லிவிடுவோம் அல்லவா? ஆகையால் நமக்கு வாரம் இருமுறை சவரம் செய்யும் தோழரிடம், எந்தக் கன்னத்தில் என்ன என்று சொல்லாமல், எது எப்படி இருக்கின்றதென்று மட்டும் கேட்டு வந்தோம். முதல் தடவை வித்தியாசமில்லை என்றார். மூன்றாந்தடவை, “இந்தப் பக்கம் கத்தி தடுக்குதுங்க, என்னமோ பொரிஞ்சிருக்கு” என்று வலது கன்னத்தைத் தொட்டார். கடைசித் தடவையும் அதே பக்கந்தான். டோனர் போட்டவுடன் சவரக் காயத்தில் எரிந்தது நமக்கே தெரிந்த விஷயம். இவையெல்லாம் ஒரு ஆசாமியின் ஒரு முகத்தில் கண்டவை. ஆகையால் இதையே சட்டமாக வைத்துக்கொள்ளும்படி நாம் சொல்லவில்லை. உங்கள் முகத்தில் வேறு மாதிரி இருக்கலாம். பாதி முகத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள், வெளியிடுகின்றோம்.

இதுவரை சொன்னது பணம் போகும் விஷயம். இனிச் சொல்வது உயிர் போகும் விஷயம்.

அந்த அம்மாளிடம் கொடுத்த மூன்றாவது டியூப்பை நாம் வாங்கிப் பார்த்தோம். வெளுப்பாக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததே தவிர, யார் செய்தது, எந்த ஊர், லைசென்சு நெம்பர் என்ன என்பது ஒன்றுமில்லை. முகம் சீக்கிரம் வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் கலப்பது உலகமறிந்த மோசடி. பாதரசம், தோலில் மெலனின் என்னும் கருமைப் பொருள் உண்டாவதைத் தடுக்கும். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் முகம் வெளுக்கும். கிரீமை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். ஆனால் தோல் வழியே உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். மலப்புறம் ஜில்லா கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு கெட்டு வந்த 22 பேரைப் பரிசோதித்த வைத்தியர்கள், அவர்களில் 15 பேருக்கு ஒரே மாதிரியான அபூர்வ வகை இருப்பதைக் கண்டார்கள். விசாரித்ததில் அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள். 2020-ம் வருஷத்து அழகுப் பொருள் விதிகளின்படி முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. சட்டம் புத்தகத்தில் இருக்கின்றது, டியூப் கடையில் இருக்கின்றது.

இப்போது இதை மரக்காணத்து வெய்யிலோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளிகளைச் சோதித்த சென்னை ஆராய்ச்சியாளர்கள், பெரும்பாலோர் வரம்புக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்வதையும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருப்பதையும் 2023-ல் வெளியிட்டார்கள். காரணம், வியர்த்துக் கொட்டுவதும், குடிக்கத் தண்ணீரில்லாததும். பெண்களோ ஒதுங்க இடமில்லாமையால் தண்ணீர் இருந்தாலும் குடிப்பதில்லை. இப்படி ஏற்கெனவே வாடும் சிறுநீரகத்தின் மேல் பாதரசத்தையும் காசு கொடுத்து ஏற்றுவதென்றால் அதை என்னவென்று சொல்வது? அன்றியும், வெய்யிலில் வேலை செய்யும் உடம்புக்கு மெலனினே குடை. சூரியனின் புறஊதாக் கதிர்களை அது தடுப்பதாலேயே கறுப்பு மக்களுக்குத் தோல் புற்றுநோய் வெள்ளையரைவிட மிகக் குறைவு. பாத்தியில் நிற்கும் பெண்ணுக்கு இயற்கை பிடித்த குடையைக் கிழித்தெறிவதற்குப் பெயர் அழகாம்!

பாதரசம் ஒருபுறமிருக்க, சொறிக்குப் போடும் ஸ்டீராய்டு மருந்தையும் வெளுப்புக்காக முகத்தில் பூசுகின்றார்கள். அது தோலை மெலிதாக்கி, சிவந்து எரியச் செய்து, நிறுத்தவும் முடியாத பழக்கமாக்கிவிடும். 2018-ல் இந்திய அரசாங்கம் 14 வகை ஸ்டீராய்டுக் கிரீம்களை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று உத்தரவிட்டது. கேட்டால் கொடுக்கின்ற கடைகளை நாமே பார்த்திருக்கின்றோம்.

இந்தச் சிவப்பு மோகத்தைக் கம்பெனிகள் உண்டாக்கவில்லை என்று சிலர் வாதம் செய்வார்கள். வாஸ்தவம். வர்ணம் என்ற சொல்லுக்கு நிறம் என்றும் ஜாதி என்றும் இரண்டு அர்த்தம் வைத்த சமூகம் இது. மேல்ஜாதி சிவப்பு, உழைப்பவன் கறுப்பு என்பது கம்பெனி பிறக்குமுன்பே இங்கு பதிந்துபோன பொய். ஆனால் அந்தப் பொய்யை டியூப்பில் அடைத்தவர்கள் அவர்களே. 1975-ல் இந்துஸ்தான் லீவர் கம்பெனி ‘பேர் அண்டு லவ்லி’யைக் கடைக்குக் கொண்டுவந்தது. 45 வருஷம் விற்றபிறகு, 2020-ல் அமெரிக்காவில் கறுப்பு மக்கள் கிளர்ந்தெழுந்ததும், அதற்கு ‘குளோ அண்டு லவ்லி’ என்று பெயரை மாற்றினார்கள். சென்னையிலும் கிளியனூரிலும் உள்ள கறுப்புப் பெண்களின் மனம் 45 வருஷம் புண்பட்டது அவர்களுக்குத் தெரியவில்லை போலும். ஆண்களும் தப்பவில்லை. 2013-ல் 79 ரூபாய்க்கு வெளுப்புக் கிரீம் வாங்கி, சொன்னபடி பூசியும் வெளுக்கவில்லை என்று டில்லியில் ஒருவர் வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் ஜில்லா நுகர்வோர் மன்றம், விளம்பரம் ஏமாற்றென்று சொல்லிக் கம்பெனிக்குச் சுமார் 15 லட்சம் அபராதம் விதித்தது. 11 வருஷம் அலைய எல்லோராலும் ஆகுமா?

சிறு பாக்கெட்டை மாத்திரம் நாம் குறை சொல்லமாட்டோம். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாமென்று காட்டியதும், 1983-ல் அவர் மகன் ரங்கநாதன் சிக் ஷாம்பூவை ஊரூராய்க் கொண்டுபோனதும், அதுவரை பணக்காரர் வீட்டுக் குளியலறையிலிருந்த பொருளைக் கூலிக்காரன் கைக்கும் கொண்டுவந்த காரியம். அது நல்ல காரியமே. பொய்யும் அதே அளவுக்குச் சின்னதாகி அதே சரத்தில் தொங்குவதுதான் தொல்லை.

அன்று கடையில் அந்த அம்மாளிடம் இதில் கொஞ்சம் எடுத்துச் சொன்னோம். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா மாப்ள வூட்டுக்காரன் கேக்கறானே, அவன்கிட்ட யாரு சொல்றது?” என்றார். நமக்குப் பதில் சட்டென்று வரவில்லை. வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஏனென்றால், பெண் பார்க்கப் போய், பெண் கொஞ்சம் நிறம் குறைவு என்று சொல்லி பஜ்ஜியைத் தின்றுவிட்டு வருகின்ற கூட்டத்தில், நமது கூட்டங்களுக்கு வந்து கைதட்டுகின்ற வாலிபர்களும் இருக்கின்றார்கள். தோழர்களே, நாம் உங்களைத்தான் கேட்கின்றோம். கறுப்புச் சட்டையைப் பெருமையாய்ப் போட்டுக்கொண்டு கறுப்புப் பெண்ணை வேண்டாமென்று சொல்லும் யோக்கியதை எங்கிருந்து வந்தது? வரதட்சணை வாங்கமாட்டேன் என்று உறுதி சொல்லுகின்றவர்கள், நிறம் கேட்கமாட்டேன் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லட்டும். சொல்லுகின்றவர்களின் பெயரை அவரவர் சம்மதத்தோடு இப்பத்திரிகையில் போடுகின்றோம்.

அம்மாள் கடைசியில் அந்த டியூப்பை வைத்துவிட்டு, கூழையும் டோனரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வாசனையில்லாத வாசலின் டப்பி ஒன்றை எடுத்துக்கொண்டார். பெண்ணின் முகத்திற்கு இரவில் லேசாய்ப் பூசவும், மீதியைத் தம் குதிகாலில் கனமாய்த் தடவிக்கொள்ளவும் சொன்னோம். காலுக்கும் பூசுவாரா என்பது சந்தேகந்தான். பாத்தியில் இறங்க முழங்கால் வரை பூட்ஸும், கைக்கு உறையும், நிழலுக்கு ஒரு கொட்டகையும், குடிக்கத் தண்ணீரும், பெண்கள் ஒதுங்க ஓர் அறையும் கேட்டு மனு எழுதினால் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டதற்கு, “எனக்குக் கைநாட்டுதான், பரவால்லியா?” என்றார். மனு எழுதியாகிவிட்டது. மரக்காணம், கிளியனூர்ப் பக்கத்துத் தோழர்கள் பிரதி வேண்டுமானால் எழுதிக் கேட்கவும். பெயர் விலாசமில்லாத டியூப் எந்தக் கடையில் கண்டாலும், டியூப்போடு ரசீதையும் வாங்கி, விழுப்புரம் ஜில்லா மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுத்து மூலமாய்ப் புகார் கொடுத்துவிட்டு, அதன் நகலை நமக்கும் அனுப்பவும்.